நாற்பதாவது பந்து

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றுச் சாப்பிடும்போது என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா ஆடுறதே இல்லையேம்மா, அப்புறம் எதுக்கு அவரை ஆட்டக்காரர்னு சொல்றோம்?" தெரியவில்லை என்றே அவளிடம் சொன்னேன். உன் அத்தான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சிரித்தார். அம்மா பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள்.

இங்கே மற்றபடி எல்லாரும் சுகம். அம்மாவுக்கு வலது கண்ணில் மூன்று வேளை சொட்டு மருந்து. நான் வழக்கம்போலக் கல்லூரி ஆய்வகத்தில் கான்கிரீட் கியூப்களைப் பலம் பார்க்க இயந்திரத்தில் வைத்து உடைத்துக்கொண்டிருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தொலைபேசியில் கேட்டால், "நல்லா இருக்குக்கா, வச்சிடறேன்க்கா" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரி விளையாட்டுத் துறைக்குக் கோல்கீப்பர் பயிற்சியாளர் ஒருவர் வேண்டும். துறைத் தலைவரிடம் உன்னைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அடுத்த ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும். உனக்கு முப்பத்தேழு வயதாகிறது. பதினேழு வருடத்தில் நான்கு கிளப் மாறிவிட்டாய். நான்கிலும் இரண்டாவது கோல்கீப்பர். "இந்த சீசன்தான் கடைசி" என்று நீ சொல்வது இது மூன்றாவது தடவை. இந்தத் தடவை எழுதிக் கொடு.

உன் பதக்கத்துக்கென்று அம்மா கூடத்துச் சுவரில் அடித்த ஆணியில் இப்போது காலண்டர் தொங்குகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மழை வந்தால்தான் முழங்கால் பேசுகிறது. உன் கண்ணாடியை மாற்றினாயா? அம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு உன் கண்ணை விட்டுவிடாதே.

சின்னவளிடம் சொல், மாமா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நாற்பது பந்து அடிக்கிறார் என்று. எங்கள் கிளப்பில் கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சியாளர் கிடையாது. முதல் கோல்கீப்பரைத் தயார் செய்வது இரண்டாவது கோல்கீப்பரின் வேலை. இப்போதைய முதல் ஆளை நாங்கள் நெட்டையன் என்கிறோம். இருபத்திரண்டு வயது. கதவு நிலையில் இடிக்காமல் அவன் எந்த அறைக்குள்ளும் வந்ததில்லை. மைதானத்தில் பத்துப் பந்து இடது காலுக்கு, பத்து வலது காலுக்கு, பத்து தலைக்கு மேலே, ஒன்பது எங்கே வருமென்று தெரியாதபடி முழு வேகத்தில். நாற்பதாவது மட்டும் மெதுவாக, நேராக நெஞ்சுக்கு. பந்தைப் பிடித்த கையோடுதான் கோல்கீப்பர் ஆட்டத்துக்குப் போக வேண்டும். தவறவிட்ட கையோடு போகக் கூடாது. இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தவன் நான். வேறு கிளப்புகளில் இப்போது காப்பி அடிக்கிறார்கள்.

வேலை விஷயம். லீக்கில் முதலிடம் வந்தால் அந்த சீசனில் ஐந்து ஆட்டமாவது ஆடியவனுக்குத்தான் பதக்கம். கோச் என்னிடம், "இந்த வருஷம் உனக்கு அஞ்சு தரேன்டா, கவலைப்படாத" என்று சொல்லியிருக்கிறார். ஐந்து ஆடிவிட்டு வருகிறேன். காலண்டரைக் கழற்றி வையுங்கள்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


அக்டோபர் 26

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகம் என்று நானே வைத்துக்கொள்கிறேன், ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

இத்துடன் கல்லூரி விண்ணப்பம் இருக்கிறது. கீழே வலது மூலையில் கையெழுத்து போதும். மற்றதையெல்லாம் நானே நிரப்பிவிட்டேன்.

உங்கள் அணி ஐந்தில் நான்கு ஆட்டம் வென்றுவிட்டதென்று அத்தான் வீட்டையே ரெண்டு பண்ணுகிறார். வானொலியில் வர்ணனை வரும்போது யாரும் இருமக்கூட முடியாது. அம்மா பத்திரிகைப் படங்களைக் கத்தரித்து வைக்கிறாள். போன வாரப் படத்தில் ஓர் ஓரத்தில் பெஞ்சும் அதில் ஒரு முழங்காலும் தெரிகின்றன. அது உன்னுடையது என்கிறாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பெத்தவளுக்குத் தெரியாதா" என்றாள். அது தண்ணீர் கொடுக்கும் ஆளின் முழங்காலாகவும் இருக்கலாம்.

ஐந்தில் உனக்கு எத்தனை கிடைத்தது?

அக்கா


டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். அம்மாவுக்குக் கண் தேவலையா?

நீ கேட்டதற்குப் பதில்: பூஜ்யம். ஒன்பது ஆட்டம் முடிந்துவிட்டது. நாங்கள் பட்டியலில் முதலிடம், ஐந்து புள்ளி முன்னால் இருக்கிறோம். ஊரெல்லாம் எங்கள் சட்டை நிறம். சவரக் கடைக்குப் போனால் காசு வேண்டாம் என்கிறார்கள். அப்புறம் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க டீம்ல யாரு?" என்கிறார்கள்.

போன வாரம் கோச்சின் அறைக்குப் போனேன். ஒரு தட்டில் பழத்தை வெட்டிக்கொண்டு நிமிராமலே பேசினார்.

"ஜெயிச்சுக்கிட்டு இருக்கற டீமை எவனாவது கலைப்பானா? நீயே சொல்லு."

"அஞ்சு தரேன்னீங்க."

"தரேன்டா. சீசன் முடிஞ்சா போச்சு?"

நெட்டையன் நல்ல பையன், அக்கா. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவனுக்கு ஒரு ஜலதோஷம்கூட வருவதில்லை. மழையில் நனைந்துவிட்டு, "அண்ணே, இன்னும் பத்து அடிங்கண்ணே" என்கிறான். நான் அடிக்கிறேன். நான் நன்றாக அடிப்பதால் அவன் நன்றாகப் பிடிக்கிறான். அவன் நன்றாகப் பிடிப்பதால் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் பெஞ்சை நானே தினமும் துடைத்துப் போட்டுக்கொள்வது போல இருக்கிறது.

விண்ணப்பம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

தம்பி


ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் கண் தேறிவிட்டது. இப்போது படத்தில் முழங்கால்களை இன்னும் துல்லியமாகப் பார்க்கிறாள். எனக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. உனக்குச் சளி, காய்ச்சல் ஏதுமில்லையே?

உன் கடிதத்தை அத்தான் சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும், "மச்சானுக்கு ஒரே வழிதான். அந்த நெட்டையன் கால்ல ஒரு கல்லைப் போட்டுட வேண்டியதுதான்" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நீயும் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

விண்ணப்பம் பெட்டியில் இருந்தால் பயனில்லை. துறைத் தலைவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். மார்ச் மாதத்துக்கு மேல் அவரால் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது. ஒரு பதக்கத்துக்காக நீ இப்படி இழுப்பது எனக்கு விளங்கவில்லை. அது இல்லாவிட்டாலும் உன்னை வேலையில் சேர்த்துக்கொள்ளத்தான் போகிறார்கள்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

எல்லாரும் சுகம்தானே? நேற்று ஆடினேன்! முழு ஆட்டம்! வானொலியில் என் பெயரைச் சொல்லியிருப்பார்கள். அம்மா கேட்டாளா? ஒன்றுக்குச் சுழி, ஜெயித்தோம். நெட்டையனுக்கு வலது கை மோதிர விரல் முறிந்துவிட்டது, பயிற்சி நேரத்தில் பந்து பட்டு. எட்டு வாரம் ஆகுமாம். நேற்றையதோடு சேர்த்து இடையில் நாலு ஆட்டம். அப்புறம் மே மூன்று, கடைசி ஆட்டம். அவன் அதற்குள் தேறாவிட்டால் கணக்கு ஐந்து, அக்கா.

விண்ணப்பத்தை மறந்துவிட்டேன். அடுத்த கடிதத்தில்.

தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் பெயர் வந்தபோது அம்மா வானொலிப் பெட்டியைத் தொட்டுக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். காலண்டரைக் கழற்றிவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா கத்தரித்த செய்தியில் இப்படி இருக்கிறது: 'பயிற்சி முடிந்து வீரர்கள் உள்ளே திரும்பவிருந்த தறுவாயில் கோல்கீப்பரின் விரல் முறிந்தது.' நான் கடிதங்களைத் தேதிவாரியாக வைத்திருப்பவள், உனக்குத் தெரியும். உன் செப்டம்பர் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பந்தை மெதுவாக, நேராக நெஞ்சுக்கு அடிப்பதாக எழுதியிருக்கிறாய்.

எதை எவ்வளவு அழுத்தினால் உடையும் என்று பார்ப்பது என் தொழில். மெதுவாக வரும் பந்தில் இருபத்திரண்டு வயதுப் பையனின் விரல் முறியாது.

அது எத்தனையாவது பந்து? எண்ணை மட்டும் எழுது.

அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அங்கே அனைவரும் சுகம் என்று நம்புகிறேன். உடனே எழுத முடியவில்லை, பயணம்.

மூன்று ஆட்டம் முடிந்தது. ஒன்று ஜெயித்தோம், ஒன்று சமம், ஒன்று தோல்வி. தோற்றதற்குக் காரணம் நான்தான், என் கைக்கு அடியில் போன பந்து. கூட்டத்திலிருந்து ஒருத்தர், "தாத்தா, குனிஞ்சு எழ முடியலன்னா சொல்லுங்க, தூக்கிவிடறோம்" என்று கத்தினார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து புள்ளி முன்னால் இருந்தோம், இப்போது ஒன்று.

நெட்டையன் என் பக்கத்து அறைதான். வலது கையில் கட்டு, சட்டைப் பொத்தான் போட வராது. காலையில் நான் போய்ப் போட்டுவிடுகிறேன். காலணிக் கயிறும் நான்தான் கட்டிவிடுகிறேன். "அண்ணே, கை போனா என்ன, கால் இருக்குல்ல. உங்களுக்கு நான் அடிக்கிறேன்" என்று ஆட்டத்துக்கு முன்னால் அவன்தான் எனக்கு நாற்பது பந்தும் அடிக்கிறான். அதே வரிசையில்.

விண்ணப்பம் அனுப்புகிறேன். இன்று தபால் நேரம் ஆகிவிட்டது.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

சுகம் விசாரிப்பதெல்லாம் இந்தத் தடவை பிறகு. நான் கேட்டது ஓர் எண். நீ எழுதியது இரண்டு பக்கம். அதில் அந்த எண் இல்லை.

நேற்று உன் நான்காவது ஆட்டம். கேட்டேன், ஜெயித்துவிட்டீர்கள். அத்தான் குதித்தார். அம்மா ஆணியைத் துணியால் துடைத்தாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லைப் பற்றிய கிண்டலை உனக்கு ஏன் எழுதினேன் என்றே யோசனையாக இருந்தது.

ஒன்று சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அத்தானிடம்கூட. பதினோரு வருடம் முன்பு ஒரு மேஸ்திரி கான்கிரீட் கியூப்கள் கொண்டுவந்தார். என்னை எப்போதும் "அந்தம்மா" என்று, நான் எதிரில் நிற்கும்போதே, உதவியாளரிடம் பேசுகிறவர். அன்றைக்குக் கியூப்களை இயந்திரத்தில் மையம் தப்பி வைத்துவிட்டேன். அப்படி வைத்தால் நல்ல கல்லும் சீக்கிரம் உடையும். உடைந்தது. கலவை சரியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேஸ்திரி நல்ல தூண்கள் நாலை இடித்துக் கட்டினார். ஒரு வாரம் கழித்துத்தான் மையத்தைப் பார்க்க மறந்தது நினைவுக்கு வந்தது. அவசரமா, அவர் மேலிருந்த எரிச்சலா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் இப்போதும் வருகிறார். இப்போது "மேடம்" என்கிறார்.

நீ அந்தப் பையனிடம் சொல்லிவிடு. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நாற்பது.

முப்பத்தொன்பதும் முடிந்தது. அவன் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தளர்வாக வைத்துக்கொண்டு நின்றான். மெதுவாகத்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். யாரும் அந்தப் பந்துக்குத் தயாராக நிற்பதில்லை, அதுதானே அதன் அழகு. என் கால் முழு வேகத்தில் போய்விட்டது. வேண்டுமென்று செய்தேனா என்றால் தெரியவில்லை. வேண்டாமென்று காலை இழுத்துப் பிடிக்கவில்லை, அது தெரியும். அத்தான் சொன்னதால் இல்லை. அவரைத் திட்டாதே.

"வழுக்கிடுச்சாண்ணே?" என்று நெட்டையனே காரணம் எடுத்துக் கொடுத்தான். நான் தலையாட்டினேன். அதற்கப்புறம் வந்த ஆட்டங்களிலெல்லாம் அவன் எனக்கு நாற்பதாவதை மெதுவாகத்தான் அடிக்கிறான். நேராக நெஞ்சுக்கு. எதிரணி அடிக்கிற எந்தப் பந்தையும் பிடித்துவிடலாம், அக்கா. அந்தப் பந்தைத்தான் பிடிக்க முடியவில்லை.

நேற்று அவனுக்குக் கட்டுப் பிரித்தார்கள். ஆடலாம் என்றுவிட்டார் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். ஜெயித்தால் கோப்பை. எனக்கு இன்னும் ஒன்று தேவை. கோச் கூப்பிட்டார். "ஒரு வருஷமா உனக்கு வாக்குக் குடுத்து ஏமாத்திட்டேன். இந்த ஆட்டத்துக்கு யாருன்னு நீயே சொல்லு. நீ சொல்றதுதான்" என்றார். சனிக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் என்னை யாரும் கேட்டதில்லை. கேட்ட நேரத்தைப் பார்.

விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. வலது மூலையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அம்மாவிடம் ஆணியைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 2, சனிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. இதற்கு நான் எழுதும் பதில் ஆட்டத்துக்கு முன் உனக்குக் கிடைக்காது. ஆகவே பதில் எழுதவில்லை. நாளை காலை ரயிலில் நானே வருகிறேன். வாழ்நாளில் ஒரு முழு ஆட்டம் பார்க்காதவள் எதற்கு வருகிறேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அத்தான், "நானும் வரேன், ஒரு டிக்கெட் போடு" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

மே 4, திங்கட்கிழமை, ஆய்வகம்

நேற்று நான் அங்கே இருந்தேன். உன்னைப் பார்க்க முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் போகும் வாயிலுக்கு வந்தேன். காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

"யாரும்மா நீங்க?"

"கோல்கீப்பரோட அக்கா."

"எந்த கோல்கீப்பர்?"

"ரெண்டாவது."

"அவரெல்லாம் பந்துப் பையைத் தூக்கிக்கிட்டு அப்பவே போயிட்டாரே" என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. திரும்பிவிட்டேன்.

கோப்பை உங்களுக்குக் கிடைத்தது. அது எல்லாப் பத்திரிகையிலும் இருக்கிறது. நெட்டையன் நன்றாகப் பிடித்தான் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். பதக்கப் பட்டியலும் வந்திருக்கிறது. அம்மா அதை மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டாள். ஆய்வகத்துக்குக் கிளம்பும்போது பார்த்தேன், காலண்டர் மறுபடி ஆணியில் தொங்குகிறது. விண்ணப்பத்தை இன்று கொடுத்துவிட்டேன். நாள் தாண்டிவிட்டது, ஆனாலும் துறைத் தலைவர் வாங்கிக்கொண்டார்.

நீ அவனிடம் சொன்னாயா என்று நான் கேட்கப் போவதில்லை. சொல்லச் சொன்னது நான்தான். அதனால் எந்தப் பத்திரிகையிலும் வராததை மட்டும், பார்த்தபடி, இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் கோலுக்குப் பின்னால், நான்காவது படியில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இருவரும் மூன்றரைக்கு வந்தீர்கள். நீ அடித்தாய், அவன் பிடித்தான். இடது காலுக்குப் பத்து, வலது காலுக்குப் பத்து, தலைக்கு மேலே பத்து. எண்ணிக்கொண்டே வந்தேன். வேகமாக ஒன்பது. முப்பத்தொன்பதாவதைப் பிடித்ததும் அவன் பந்தை உன் பக்கம் உருட்டிவிட்டான். கையுறையைக் கழற்றினான். திரும்பி, உள்ளே போய்விட்டான்.

நீ நாற்பதாவது பந்தை வைத்தாய். மெதுவாக அடித்தாய். நேராகத்தான் போனது. கோலில் யாரும் இல்லை. பந்து கோட்டுக்கு ஒரு முழம் இப்பால் நின்றுவிட்டது. நீயே போய் அதை எடுத்துப் பையில் போட்டாய். அப்போது மணி மூன்று ஐம்பது. நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது.

அக்கா